ஆத்தாளுக்கு ஒரு பவுன்

வெள்ளிக்கிழமை மதியம் என் வேலை முடிகிற நேரத்தில் பிரைடி எனக்கு பஸ்ஸுக்குக் காசு கொடுப்பார். அயர்லாந்தின் நடுவில், ஷானன் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சிறிய ஊரின் முதியோர் இல்லத்தில் நான் நர்ஸ். பிரைடிக்கு ஆறாம் எண் அறை. தொண்ணூறு வயதைத் தாண்டியவர், ஞாபகம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. தோல் பர்ஸைத் திறந்து ஒரு நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி அமுக்கிவிடுவார். பெரிய வெள்ளை நாணயம். ஒரு பக்கம் கொம்புள்ள மான், மறுபக்கம் யாழ். யூரோ வருவதற்கு முன் இந்த நாட்டில் ஓடிய ஒரு பவுண்டு நாணயம் அது. இப்போது எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் இது செல்லாது என்று உண்மையைச் சொல்லிவிட, பிரைடி அன்று சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. காசை வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும். அடுத்த வியாழக்கிழமை அவர் குளிக்கப் போகும்போது பர்ஸில் திரும்ப வைத்துவிட வேண்டும். அவரிடம் ஐந்து நாணயங்கள்தான் இருக்கின்றன. பல வருஷங்களாக அவை தீரவே இல்லை.

பிரைடிக்கும் எனக்கும் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்கும். எந்த ஊர் என்று கேட்பார். திருநெல்வேலி என்பேன். அவர் காதில் கடைசிப் பகுதி மட்டும் விழும். அதை இங்கிலீஷ் வேலியாக, அதாவது பள்ளத்தாக்காக எடுத்துக்கொள்வார். "ஓ, பள்ளத்தாக்கா? அப்படியென்றால் ஆறு இருக்குமே?" என்பார். அது பள்ளத்தாக்கு இல்லை, நெல்லுக்குப் போட்ட வேலி என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஆறு இருப்பது நிஜம்தானே. தாமிரபரணி என்று சொன்னால் அந்தப் பெயரைச் சொல்ல முயன்று, பாதியில் சிரித்து, "கிராண்ட்" என்று முடித்துவிடுவார்.

இந்த கிராண்ட் என்ற சொல் வந்த புதிதில் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நம் ஊரில் கிராண்ட் என்றால் கல்யாணம், வரவேற்பு, பட்டுப்புடவை. இங்கே காலை ஒடித்துக்கொண்டு வந்தவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "ஐ ஆம் கிராண்ட்" என்கிறார். பஸ்ஸில் யாருடைய காலையாவது மிதித்து மன்னிப்புக் கேட்டால் "யூ ஆர் கிராண்ட்" என்கிறார்கள். என்னை எதற்கு இப்படிப் புகழ்கிறார்கள் என்று ஆறு மாதம் குழம்பினேன். பரவாயில்லை என்பதற்கு இவ்வளவு ஆடம்பரமான ஒரு சொல்லா? வெளிநாடு வந்தவர்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு சொல் தடுக்கியிருக்கும். எங்கள் குடும்பத்தைத் தடுக்கிய சொல் வேறு. அது நம் ஊர்ச் சொல். பவுன்.

நான் புறப்பட்ட காலத்தில் எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருந்தது. அப்பா திருநெல்வேலிக்கும் திசையன்விளைக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நான், எனக்குக் கீழே தம்பி முருகேசன். அயர்லாந்துக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று நான் பரீட்சை எழுதி, விசா வராமல் எட்டு மாதம் இழுத்தடித்தபோது, எங்கள் பக்கத்தில் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு அம்மா நேர்ந்துகொண்டாள். விசா வந்தால் ஆத்தாளுக்கு ஒரு பவுன். சொன்னது மட்டுமல்ல, சீட்டு கட்டி ஒரு பவுன் காசும் வாங்கி அரிசிப்பானைக்குள் வைத்திருந்தாள். விசா வந்தது. நானும் வந்து சேர்ந்தேன்.

முதல் மாதச் சம்பளத்தில் கையில் கிடைத்த ஒரு பவுண்டு நாணயம் எனக்கு அதிசயமாக இருந்தது. பணத்தில் ராஜா ராணி படம் இல்லாமல் மான் நிற்கிறதே என்று. விடுமுறைக்குப் போன ஒரு மலையாளத் தோழியிடம் சாக்லேட்டுடன் அதையும் கொடுத்து அனுப்பினேன். வீட்டில் எல்லாரும் பார்க்கட்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. வாரம் ஒருமுறை போன் செய்யும்போது அம்மா கேட்டாள்.

"இதுக்குப் பேரு என்னட்டி?"

"பவுண்டும்மா. ஒரு பவுண்டு."

"பவுனா?"

"பவுண்டு."

"அதாம், பவுனு. ஒரு பவுனு."

நான் சிரித்தேன். பேசும் நிமிடத்துக்குக் காசு கரைந்துகொண்டிருந்ததால் மேற்கொண்டு விளக்கவில்லை. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கசக்கிறது. அன்று இரண்டு நிமிடம் செலவழித்து இது வேறு, அது வேறு என்று சொல்லியிருந்தால் போதும்.

அந்த வருஷம் தசராவுக்குக் குலசை போய் அம்மா அந்த மான் காசை உண்டியலில் போட்டுவிட்டாள். ஆத்தாளுக்கு ஒரு பவுன் என்று நேர்ந்தாள், ஒரு பவுன் போட்டுவிட்டாள். வெள்ளையாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "வெள்ளக்காரன் ஊரு பவுனு வெள்ளயாத்தான் இருக்கும்" என்றாளாம். அப்பா மட்டும் நம்பவில்லை. முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். தேய்ந்த காசையும் போலிக் காசையும் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே கண்டுபிடித்துவிடுவார். உண்டியலுக்குப் போகும் முன்பே அதைத் தரையில் தட்டிப் பார்த்துச் சொன்னாராம்: "சவம், தகரச் சத்தம்லா கேக்கு. நம்ம வண்டியில எவனாவது இத நீட்டினாம்னா நடுவழியில எறக்கி விட்டுருவேன்."

அடுத்த புத்தாண்டில் இங்கே யூரோ வந்தது. ஊரே பழைய காசை மூட்டை கட்டிக்கொண்டு வங்கி வாசலில் நின்றது. அப்பா செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டார். அவருக்குக் கேட்கவா வேண்டும்? "ஏளா, ஓன் பவுனு செத்துப்போச்சாம். ஆத்தா கையில மூணு மாசம்கூட ஓடலயே" என்று வீட்டுக்கு வந்தவர் போனவர் முன்னால் எல்லாம் அம்மாவைக் கேலி செய்தார். அம்மா சிரிக்கவில்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. எனக்குப் போன் செய்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள், ஒரு நாட்டுக் காசு அப்படிச் செத்துப்போகுமா என்று.

நான் தைரியம் சொன்னேன். "செல்லாத காசு இல்லம்மா. கடையிலதான் வாங்க மாட்டாங்க. டப்ளின்ல பெரிய பாங்குல எத்தனை வருஷம் கழிச்சுக் கொண்டுபோனாலும் மாத்திக் கொடுப்பாங்க." சொன்னது முழு உண்மை. இன்றைக்கும் மாற்றலாம்.

"ஆத்தா அங்கன வந்தா மாத்துவா?" என்றாள் அம்மா.

சிரிப்பு வந்ததால் அடக்கிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி இத்தனை வருஷமும் என்னை விடவில்லை. ஓரிடத்தில் பணமாக இருப்பது இன்னோரிடத்தில் தகரம். மாற்றிக் கொடுக்க ஜன்னல் திறந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த ஜன்னல் இருக்கும் ஊருக்கு நாம்தான் போக வேண்டும். இங்கே வந்த பிறகு என் படிப்பும் அனுபவமும் அப்படித்தான் ஆயின. திருநெல்வேலியில் ஒரு வார்டையே தனியாகப் பார்த்தவள், இங்கே என் சான்றிதழ்களை ஏற்றுப் பதிவுக் காகிதம் வரும்வரை படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். இதைப் படிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் தலையை ஆட்டுவீர்கள் என்று தெரியும்.

அதற்கடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் நடந்தது. அம்மா எனக்கு ஒரு ஜோடி ஜிமிக்கிக் கம்மல் செய்து போட்டாள். கணவரும் இங்கே வந்து சேர்ந்தார். இரண்டு வருஷம் கழித்து உண்டாகி, ஐந்தாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போனது. அதற்குப் பிறகு உண்டாகவே இல்லை. நான் நர்ஸ். ஏன் அப்படி நடந்தது என்று மருத்துவக் காரணம் எனக்குத் தெரியும், ரிப்போர்ட்டை நானே படித்தேன். அம்மாவுக்கு வேறு ஒரு காரணம் தெரிந்திருந்தது. "நீ ஒருக்கா தசராவுக்கு வந்து ஓன் கையால ஆத்தாளுக்கு ஒரு நெசப் பவுனு போட்டுருட்டி" என்று கேட்க ஆரம்பித்தாள். கேட்டது அவ்வளவுதான். வருஷா வருஷம் கேட்டாள். நான் ஊருக்குப் போகாமல் இல்லை. ஜூலையில் போனேன், கிறிஸ்துமஸுக்குப் போனேன். தசராவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அது பொய். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். போய்ப் போட்டேன் என்றால் பிள்ளை போனதற்குக் குற்றம் எங்கள் பக்கம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? அந்த வீம்பு.

அப்பா இறந்து மூன்றாம் நாள்தான் நான் போய்ச் சேர முடிந்தது. அதற்கு அடுத்த வருஷம், தம்பி மனைவி ஈஸ்வரி என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், பட்டப்பகல். கிழிந்த சேலை, முகத்தில் கரி, கையில் அலுமினியத் தட்டு. கடை கடையாக ஏறி ஒரு கிழவி பிச்சை கேட்கிறாள். யாரோ பின்னாலிருந்து "மவ பவுனுல சம்பாதிக்கா, ஆத்தா தட்டேந்துதா" என்று சொல்வதும் சிரிப்பதும் பதிவாகியிருந்தது. அம்மா.

குலசை தசரா தெரிந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதமிருந்து வேஷம் கட்டுவார்கள். காளி, போலீஸ், குறத்தி, பிச்சைக்காரர் என்று எது வேண்டுமானாலும். வீடு வீடாகப் போய்க் காணிக்கை கேட்டு, வந்ததை அம்மன் உண்டியலில் போடுவார்கள். பணக்காரரும் கட்டுவார், அதில் கௌரவக் குறைவு கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், வார்டு நடுவில் அந்த வீடியோவைப் பார்த்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா இருந்தவரை விட்டிருக்க மாட்டார். அவர் போகட்டும் என்று காத்திருந்தாளா என்றுகூடத் தோன்றியது. உடனே போன் செய்தேன்.

"எதுக்கும்மா இந்த அவமானம்? ஒரு பவுனுக்கு நான் பணம் அனுப்ப மாட்டேனா?"

"நீ அனுப்புத துட்டுல வாங்கிப் போட்டா அது ஓன் பவுனுல்லா. நேந்தது நான்லா."

"நீதான் அன்னைக்கே போட்டுட்டியே. தெரியாமத்தானே போட்ட?"

அம்மாவுக்குப் பக்கத்தில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்.

"அது பவுனு இல்லன்னு எனக்குத் தெரியும்ட்டி. தெரிஞ்சுதாம் போட்டேன். ஆத்தாளுக்குன்னு வச்சிருந்த காச ஒனக்குக் கம்மலா அடிச்சுட்டேன். வெறுங்காதோட ஒன்ன எப்படிக் கெட்டிக் குடுக்க? ஓன் காதுல கெடக்கே, அதாம் அவளுக்குள்ளது."

நான் காதைத் தொட்டுப் பார்த்தேன். குளிக்கும்போதுகூடக் கழற்றாமல் போட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேலா, அம்மன் மேலா, அந்த ஜிமிக்கி மேலா, தெரியாது. "ஒரு கம்மலுக்காகப் பிள்ளையைப் பறிக்கிறவளா இருந்தா உன் ஆத்தாளுக்கு நான் ஒண்ணுமே தர மாட்டேன்" என்று கத்தினேன்.

"பைய பேசுட்டி," என்றாள் அம்மா. "அவ கேட்டுரப் போறா."

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் கேட்கவில்லை. மூன்று தசராவுக்கு வேஷம் கட்டினாள். நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கம்மலைக் கழற்றவும் இல்லை. பிறகு ஒரு நாள் ஈஸ்வரி போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மதினி, அத்தை இன்னைக்கு என்னையவே யாருன்னு கேட்டாவ. சோத்த உண்டுட்டு, இன்னும் உண்ணலயேன்னு சொல்லுதாவ." நான் தினமும் எட்டு மணி நேரம் பார்க்கிற விஷயம். அடுத்து என்ன வரும், அதற்கடுத்து என்ன வரும் என்று வரிசையாக எனக்குத் தெரியும். எந்த உறவும் இல்லாத பிரைடிக்கு நான் சோறூட்டுகிறேன். என் அம்மாவுக்கு ஈஸ்வரி ஊட்டுகிறாள். லீவு கேட்டேன். கேட்ட அன்றே கொடுத்தார்கள்.

இருபத்துச் சொச்ச வருஷத்தில் முதல் முறையாகத் தசரா நேரத்தில் ஊருக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். ஆட்டோவை விட்டு இறங்கினேன். தெருவில் எங்கோ மேளச் சத்தம். அயர்லாந்தில் மழைக்குப் போடுகிற சிவப்புக் கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. வெட்டிய தலைமுடி, கால்சட்டை, தோளில் பை. அம்மா கிரில் கேட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்து பாதியாகியிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். சிவப்பு உடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா. எந்த ஊரு செட்டு?"

தசராவுக்கு வேஷம் கட்டி வருகிற கூட்டத்தைச் செட்டு என்பார்கள். வேலையில் இப்படிப்பட்டவர்களைத் திருத்தக் கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும் என்று புதியவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான்.

"இது என்ன வேசம் தாயி?" என்றாள்.

"வெளிநாட்டுக்காரி வேசம்மா."

அம்மா நன்றாகச் சாய்ந்துகொண்டு இன்னொரு முறை பார்த்தாள். "நல்லாப் பொருந்தியிருக்கு," என்றாள்.

பிறகு இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தாள். கேட் கம்பி வழியே கையை நீட்டி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "ஆத்தா உண்டியல்ல போட்டுரு, மறந்துராத. எனக்கு ஒரு மவ இருக்கா, பாரீன்ல. அவ வரணும்னு கேட்டுக்கோ."

உள்ளே இருந்து ஓடிவந்த ஈஸ்வரி கேட்டைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று வாரம் இருந்தேன். குளிப்பாட்டினேன், சோறூட்டினேன். அம்மாவுக்கு நான் செட்டோடு போகாமல் தங்கிவிட்ட ஒரு வேஷக்காரி. மகளைப் பற்றி என்னிடமே நிறையச் சொன்னாள். கெட்டிக்காரி, கோபக்காரி, போனில் கத்துவாள் என்றாள்.

ஒரு நாள் தம்பியுடன் குலசை போனேன். கூட்டத்தில் நெருக்கித் தள்ளி உண்டியல் பக்கம் போய்ச் சேர்ந்ததும் இரண்டு காதிலிருந்தும் கம்மலைக் கழற்றிப் போட்டேன். நம்பிக்கையில் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் பேச்சைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான். சொன்னால் அவளுக்குப் புரிகிற காலத்தில் அதைச் செய்யவில்லை. காலம் கடந்து கொண்டுவந்த காசு. அடுத்து, கைக்குள் இருந்த ஒரு ரூபாய். அதைப் போட முடியவில்லை. என்னவென்று கேட்டுக்கொண்டு போடுவது? மகள் வர வேண்டும் என்றா? வந்து நிற்கிறேனே. வந்துவிட்டாள் என்றா? அம்மாவைப் பொறுத்தவரை வரவில்லையே. பின்னால் நின்றவர்கள் "பைய நவுந்துபோங்க" என்று தள்ளினார்கள். நாணயத்தோடு வெளியே வந்தேன். இப்போது அம்மனுக்கு ஒரு ரூபாய் பாக்கி என் பேரில் இருக்கிறது.

திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை பிரைடி வழக்கம்போல மான் காசைக் கொடுத்தார். என் காதைப் பார்த்தார், ஏதோ குறைகிறது என்று நினைத்தாரோ என்னவோ. வெளியே நல்ல மழை. பஸ் புறப்படுகிற அவசரத்தில் ஏறி, கோட்டுப் பையில் விரலுக்குக் கிடைத்த சில்லறையை டிரைவர் முன் இருந்த தட்டில் போட்டேன். டிரைவர் என் வயதுக்காரர். சில்லறையை விரலால் பிரித்து இரண்டு நாணயங்களை மட்டும் என் பக்கம் திரும்பத் தள்ளினார். ஒன்றில் மான். இன்னொன்று அம்மா கொடுத்த ரூபாய்.

"இது ரெண்டும் இங்கே செல்லாதே, லவ்," என்றார். யாரையும் இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

தெரியும் என்றேன். பர்ஸைத் தேடினேன், லாக்கரிலேயே விட்டு வந்திருக்கிறேன். மீதிக் காசு போதவில்லை. பின்னால் ஆட்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். கண்டக்டர் மகள் நான். இறங்குவதற்குத் திரும்பினேன்.

"யூ ஆர் கிராண்ட்," என்றார் டிரைவர். உட்காரும்படி கையைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தார். இரண்டு காசையும் ஒரே கையில் மூடிக்கொண்டு, டிக்கெட் இல்லாமல், என் வீடு இருக்கும் நிறுத்தம்வரை போனேன்.